முன்னறிவிப்பும் தவக்குலும்

 



சென்ற மாதம் ஒரு சகோதரி எழுதிய கடிதம் நம் கைக்கு வந்தது. நாகூரில் பிறந்து, தஞ்சை மாவட்டத்துக் கடலோர ஊர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவர். அவர்கள் ஊரில் அதிகாரிகள் வந்து சுனாமி ஒத்திகை நடத்தினார்களாம். சங்கு ஊதினால் இன்ன வழியாக இன்ன மேட்டுக்குப் போக வேண்டும் என்று வீடு வீடாகச் சொன்னார்களாம். அவருடைய மாமனார் திண்ணையை விட்டு எழுந்திருக்கவே மறுத்துவிட்டார். "வருமுன் சொல்வது ஜோசியம். ஜோசியத்தை நம்பினால் ஈமான் போய்விடும். அல்லாஹ் நாடியது வந்தே தீரும். ஓடினால் மட்டும் தப்பிவிடுவோமா?" என்று கேட்டாராம். வயதில் மூத்தவர், ஐந்து வேளையும் தொழுபவர். அவரிடம் எப்படி எதிர்த்துப் பேசுவது என்று மருமகள் தயங்கியிருக்கிறார். அந்த அதபுக்காக முதலில் அவருக்கு துஆச் செய்கிறேன். வீட்டிலுள்ள பிள்ளையோ, கைப்பேசியில் வரும் குரல் செய்திகளைக் கேட்டுவிட்டு, "இன்று இரவு பூகம்பம் வருகிறதாம்" என்று வாரம் ஒரு தடவை வீட்டாரைக் கலங்க அடிக்கிறானாம். ஒரே வீட்டில் ஒருவர் எதையும் நம்புவதில்லை, ஒருவன் எல்லாவற்றையும் நம்புகிறான்! இரண்டில் எது மார்க்கம் என்று கேட்கிறார் சகோதரி.

கடிதத்தின் அடியில், கையெழுத்துக்கும் கீழே, பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். உண்மையில் அந்த வரிக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

முதலில் 'மறைவானது' என்றால் என்ன என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். மறைவானவற்றின் திறவுகோல்கள் அல்லாஹ்விடமே இருக்கின்றன என்று ஸூரத்துல் அன்ஆமும், நாளை என்ன சம்பாதிப்போம், எந்த மண்ணில் மரணிப்போம் என்பதை எந்த ஆத்மாவும் அறியாது என்று ஸூரத்து லுக்மானும் நமக்குக் கற்றுத் தருகின்றன. இதில் அணுவளவும் சந்தேகமில்லை. குறிகாரனிடம் போய்க் கேட்பவனுடைய நாற்பது நாள் தொழுகை ஏற்கப்படாது என்ற ஹதீஸ் முஸ்லிம் ஷரீஃபில் பதிவாகியுள்ளது. ஆகவே பெரியவரின் பயத்தில் ஓர் அடிப்படை இருக்கவே செய்கிறது. ஆனால் அந்தப் பயத்தை அவர் எங்கே கொண்டுபோய் வைக்கிறார் என்பதுதான் கேள்வி.

காவிரிப் பாசனத்து மக்களாகிய நமக்கு இதை விளக்க வேறெங்கும் உதாரணம் தேட வேண்டியதில்லை. மேட்டூரில் அணை திறந்தார்கள் என்ற செய்தி வந்ததும் என்ன செய்கிறோம்? இன்னும் மூன்று நான்கு நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வந்து சேரும், அதற்குப் பின் இத்தனை நாளில் நம் வாய்க்காலுக்கு வரும் என்று கணக்குப் போட்டு, வரப்பு வெட்டி, நாற்றங்காலை ஒழுங்கு செய்கிறோம். கடைமடைக்காரர் இதைச் சொன்னால் அவரை யாராவது ஜோசியர் என்பார்களா? தண்ணீர் புறப்பட்டுவிட்டது, நம் கண்ணில்தான் இன்னும் படவில்லை. நமக்கு மேலே இருப்பவர் பார்த்துவிட்டுச் சொல்கிறார். அவ்வளவுதான் விஷயம். ஆனால் வருகிற ஆண்டு குடகு மலையில் இன்ன தேதியில், இன்ன மணிக்கு, இத்தனை அங்குலம் மழை கொட்டும் என்று இன்றைக்கே ஒருவர் அடித்துச் சொன்னால், அவர் பக்கத்தில் உட்காராமல் எழுந்து வந்துவிடுவோம். முதலாவது காரணத்தைக் கண்டு காரியத்தை அறிவது. இரண்டாவது இல்லாத அறிவை இருப்பதாகச் சொல்வது. தொழுகை நேர அட்டவணையும், கிரகணக் கணக்கும் முதல் வகையைச் சேர்ந்தவை. (பிறை விஷயத்தில் நாம் ஆண்டுதோறும் போடும் சண்டை வேறு, அதை இங்கே இழுக்க வேண்டாம்.)

பூகம்பத்தையும், அதைத் தொடரும் ஆழிப்பேரலையையும், எரிமலையையும் இந்தக் கண்ணாடி வழியாகப் பாருங்கள்.

பூமியின் மேலோடு ஒரே பாளமாக இல்லை. பல பெரும் பாளங்களாக இருக்கிறது என்று துறை வல்லுநர்கள் கூறுகிறார்கள். நம் இந்தியப் பாளம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நகர்ந்து, சுமத்ராவுக்கும் அந்தமானுக்கும் மேற்கே பக்கத்துப் பாளத்தின் அடியில் புகுகிறது. புகும்போது இரண்டும் பல்லாண்டுகள் பூட்டிக்கொண்டு நிற்கின்றன. பூட்டு தெறிக்கிற கணம்தான் பூகம்பம். எங்கே தெறிக்கலாம் என்பது ஓரளவு தெரியும். எந்த நாளில், எந்த நேரத்தில் என்பது யாருக்கும் தெரியாது. பல கிலோமீட்டர் ஆழத்துப் பாறைக்குள் எத்தனை இறுக்கம் சேர்ந்திருக்கிறது என்று நேரில் அளந்து பார்க்கும் வழி இல்லை. சிறு அதிர்ச்சியும் பேரதிர்ச்சியும் தொடங்கும்போது ஒன்றுபோலவே தொடங்குகின்றன என்கிறார்கள்.

சீனாவில் 1975 பிப்ரவரி 4 அன்று ஹைசெங் நகரில் பெரும் பூகம்பம் வந்தது. அதற்கு முன் சிற்றதிர்ச்சிகள் அடுக்கடுக்காக வந்ததைக் கண்டு, மக்களை வீட்டை விட்டு வெளியேற்றியதால் எத்தனையோ உயிர்கள் பிழைத்தன. "இனி பூகம்பத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம்" என்று உலகமே பேசியது. அடுத்த ஆண்டே, 1976 ஜூலை 28 அன்று விடியற்காலையில், அதே சீனாவில் தாங்ஷான் நகரம் எந்த எச்சரிக்கையும் இன்றி மண்ணோடு மண்ணானது. அரசுக் கணக்குப்படியே 2,40,000 பேருக்கு மேல் மடிந்தார்கள். ஒரு தடவை முன்அதிர்ச்சி வந்தது. மறு தடவை வரவில்லை. அமெரிக்காவில் பார்க்ஃபீல்டு என்ற இடத்தில் 1993-க்குள் பூகம்பம் வந்தே தீரும் என்று கருவிகளைப் புதைத்து வைத்துக் காத்திருந்தார்கள். அது 2004 செப்டம்பரில்தான் வந்தது; அப்போதும் சொல்லிக்கொண்டு வரவில்லை. மனிதன் தன் அறிவின் எல்லைக்கல்லைத் தொட்டுப் பார்த்த இடம் இது. உண்மையான நிபுணர்கள் இதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார்கள். 'எங்களுக்குத் தெரியாது' என்று சொல்லத் தெரிந்தவன்தான் ஆலிம் என்று நம் உஸ்தாதுமார்கள் சொல்வார்கள்.

எரிமலையின் கதை வேறு. அது கொதிக்கும் பானையைப் போல. பொங்குமுன் மூடி ஆடும். மலை உப்புகிறது, அடியில் அதிர்வுகள் கூடுகின்றன, புகையின் தன்மை மாறுகிறது. பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ மலை 1991 ஜூன் 15 அன்று வெடிப்பதற்கு முன்பே இந்தக் குறிகளைப் படித்துப் பல்லாயிரம் பேரை அப்புறப்படுத்தினார்கள். கொலம்பியாவில் நிலைமை நேர்மாறு. 1985 நவம்பர் 13 அன்று நெவாடோ டெல் ருயிஸ் மலை வெடித்து, சேற்று வெள்ளம் இறங்கி, ஆர்மேரோ என்ற ஊரில் இருபதாயிரத்துக்கும் அதிகமானோரைப் புதைத்தது. சேறு எந்த வழியாக வரும் என்று காட்டும் வரைபடம் ஒரு மாதத்துக்கு முன்பே தயாராகிவிட்டிருந்தது. அன்று பிற்பகலில் சாம்பலும் விழுந்தது. இருந்தும், வீட்டிலேயே அமைதியாக இருங்கள் என்று ஊராருக்குச் சொல்லப்பட்டது. நம் நாட்டில் அந்தமானுக்கு அப்பால் பாரன் தீவில் ஓர் எரிமலை 1991-இல் விழித்து அவ்வப்போது புகைகிறது. அங்கே மனிதர் எவரும் குடியில்லை. தஞ்சைத் தரணிக்கு எரிமலைக் கவலை இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

நமக்குரிய கவலை மூன்றாவது: கடல். அது மேட்டூர்த் தண்ணீரின் ஜாதி.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி காலை 6.29 மணியளவில் சுமத்ராவுக்கு அருகே கடலடித் தரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிழிந்தது. அதன் அளவு 9.1 என்று பின்னர் கணித்தார்கள். ஸுபுஹு தொழுதுவிட்டு நாங்கள் பாடத்துக்கு உட்கார்ந்திருந்த நேரம் அது. அலை அந்நேரமே புறப்பட்டுவிட்டது. ஆழ்கடலில் ஆகாய விமானத்தின் வேகத்தில் ஓடும் அந்த அலைக்கு நாகப்பட்டினம் வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பிடித்தது. இரண்டு மணி நேரம்! அக்கரைப்பேட்டையிலிருந்தும் கீச்சாங்குப்பத்திலிருந்தும் ஒரு கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே போனாலும் அலை எட்டாத தூரத்துக்குப் போயிருக்கலாம். அன்றைக்கு இந்துமாக் கடலில் எச்சரிக்கை ஏற்பாடு என்று எதுவும் இல்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அணை திறந்தது தெரிந்தும் சொல்ல ஆளில்லாத வாய்க்காலைப் போலக் கிடந்தது நம் கரை.

சொல்ல ஆளிருந்த இடத்தில் என்ன நடந்தது என்பதற்குப் புதுச்சேரிப் பக்கத்து நல்லவாடு கிராமமே சாட்சி. சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்ப் பிள்ளை ஒருவர் செய்தியைக் கேட்டுவிட்டு ஊருக்குத் தொலைபேசியில் சொல்ல, ஊர் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் கூப்பாடு போட்டார்கள். மூவாயிரத்துக்கும் அதிகமான மக்கள் பிழைத்தார்கள். அந்த ஊருக்கு ஜோசியர் யாரும் வரவில்லை. நடந்துவிட்ட ஒன்றை அறிந்தவர் அறியாதவருக்குச் சொன்னார். அதற்குப் பெயர் அமானிதம்.

பூகம்பம் பிறந்த இடத்துக்கு மிக அருகிலிருந்த சிமெலுவே தீவைப் பற்றியும் தாய்மார்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். சுமத்ராவை ஒட்டிய அத்தீவில் வாழ்பவர்கள் அனேகமாக எல்லாரும் முஸ்லிம்கள். 1907-இல் அங்கே ஒரு பேரலை வந்து ஏராளமானோரைக் கொண்டுபோனது. பிழைத்தவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டு, தாலாட்டிலும் கதையிலும் பாட்டிமார் வழியாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள்: பூமி பலமாக ஆடி, பிறகு கடல் உள்வாங்கினால் எதையும் எடுக்க நிற்காதே, மேட்டுக்கு ஓடு. 2004-இல் சில நிமிடங்களிலேயே அங்கு அலை வந்துவிட்டது. எந்தக் கருவியும் எச்சரிக்க முடியாத அவகாசம் அது. ஏறக்குறைய 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர்கள் ஏழே பேர். ஏட்டில் எழுதாத எச்சரிக்கை, பாட்டி மடியில் தொண்ணூற்றேழு ஆண்டுகள் கெடாமல் இருந்திருக்கிறது. நம் வீடுகளில் மஃரிபுக்குப் பின் பிள்ளைகளை உட்கார வைத்து நாம் சொல்லும் கதைகளில் இதையும் சேர்த்துக்கொண்டால் என்ன?

2007 அக்டோபர் முதல் ஹைதராபாத்தில் இந்தியாவின் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இயங்கி வருகிறது. அது பூகம்பத்தை முன்கூட்டிச் சொல்வதில்லை. பெரியவருக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள். பூகம்பம் நடந்த பின், நில அதிர்வுக் கருவிகளும், கடலடியில் நீரழுத்தத்தை அளக்கும் கருவிகளும், கரையோர அலைமானிகளும் தரும் தகவலைக் கொண்டு, அலை கிளம்பியதா, எங்கே எப்போது வரும் என்று சொல்கிறது. 2012 ஏப்ரல் 11 அன்று பிற்பகல், லுஹருக்குப் பின், சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் அதிர்ந்தபோது நம் கரையோர மக்கள் பலர் வெளியேறினார்கள். பாளங்கள் பக்கவாட்டில் உராய்ந்த பூகம்பம் அது. கடல்தரை பெரிதாக உயரவில்லை. ஆகவே பேரலை எழவில்லை. மாலையில் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். "வீணாக ஓட வைத்தார்களே" என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. நோன்பு வைத்திருப்பவன், 'பொழுது சாய்ந்ததோ இல்லையோ' என்று ஐயம் வந்தால் ஒரு நிமிடம் பொறுத்து நோன்பு திறக்கிறானே, அந்த நிமிடம் வீணா?

இனி அந்தப் பெரியவருடைய இரண்டாவது வாதம்: அல்லாஹ்வின் நாட்டத்தை விட்டு ஓட முடியுமா?

இதே கேள்வியை, அவரைவிட ஆயிரம் மடங்கு உயர்ந்த ஒருவர், தம்மைவிட உயர்ந்த ஒருவரிடம் கேட்டிருக்கிறார். அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்கள் படையோடு ஷாம் தேசத்துக்குப் போகிறார்கள். ஸர்க் என்ற இடத்தில், ஷாமில் கொள்ளைநோய் பரவியிருக்கிறது என்ற செய்தி வருகிறது. முஹாஜிர்களிடம் கேட்கிறார்கள், அன்ஸாரிகளிடம் கேட்கிறார்கள், இரு சாராரும் இரண்டாகப் பிரிந்து பேசுகிறார்கள். குறைஷிகளில் மூத்தவர்கள் மட்டும் ஒரே குரலாகத் திரும்பிப் போவதே சரி என்கிறார்கள். காலையில் புறப்பாடு என்று உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். அப்போது அபூ உபைதா (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் களாவை விட்டா ஓடுகிறீர்கள் என்று கேட்கிறார்கள். 'இதை உம்மைத் தவிர வேறு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா' என்று உமர் (ரலி) வருந்தியதாக வந்திருக்கிறது. பிறகு சொல்கிறார்கள்: ஆம், அல்லாஹ்வின் ஒரு கத்ரை விட்டு இன்னொரு கத்ரின் பக்கமே போகிறோம். உம்முடைய ஒட்டகங்களை ஒரு பள்ளத்தாக்கில் ஓட்டிச் செல்கிறீர். அதன் ஒரு கரை பசுமை, மறு கரை வறட்சி. பசுமையில் மேய்த்தாலும் அவன் நாட்டம், வறட்சியில் மேய்த்தாலும் அவன் நாட்டம் அல்லவா என்று கேட்கிறார்கள். அதன் பின் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, நோயுள்ள ஊருக்குள் போகாதீர்கள் என்ற நாயக வாக்கைத் தாம் கேட்டிருப்பதாகச் சொல்ல, உமர் (ரலி) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்து திரும்பினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள வரலாறு இது.

களா கத்ர் என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்வது என்று யார் சொன்னது? சங்கு ஊதியதும் கத்ர்தான். மேடு இருப்பதும் கத்ர்தான். நம் காலில் அவன் வைத்திருக்கும் வலுவும் கத்ர்தான். அலையை மட்டும் கத்ர் என்று சொல்லிவிட்டு மற்றவற்றை மறந்துவிடுவது எந்த நியாயம்? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்ற திர்மிதீ ஹதீஸை நாம் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்கிறோம்; கட்டும் கயிற்றைத்தான் மறந்துவிடுகிறோம். எகிப்தில் ஏழாண்டுப் பஞ்சம் வருமென்று யூஸுஃப் நபி (அலை) அவர்களுக்கு வஹ்யின் மூலம் தெரிந்தது. தெரிந்ததும் தஸ்பீஹை எடுத்துக்கொண்டு மூலையில் உட்காரவில்லை. தானியத்தைக் கதிரோடு சேமிக்கும் முறையையும், எவ்வளவு உண்பது எவ்வளவு வைப்பது என்பதையும் சொல்லிக் கொடுத்தார்கள். பத்தாயமும் விதைநெல்லும் தெரிந்த நம் தஞ்சாவூர்க்காரருக்கு இந்த ஸூரா விளங்குவதுபோல் வேறு யாருக்கு விளங்கும்!

இந்த இடத்தில் ஒருவர் எழுந்து, "நூஹ் நபியின் மகன் மலைக்கு ஓடினானே, தப்பினானா?" என்று கேட்கலாம். எங்கள் மத்ரஸாவிலேயே இப்படிக் கேட்ட மாணவர் உண்டு. நல்ல கேள்வி. ஆனால் அவன் மலையேறியதற்காக அழியவில்லை. எச்சரிக்க வந்தவர் அவனுடைய தந்தை. தப்பும் வழி கப்பல் என்று அவர் கூப்பிட்டுச் சொல்லியும் கேட்காமல், தன் யோசனையை நம்பிப் போனான். எச்சரிப்பவரின் சொல்லைத் தள்ளியதுதான் அவனுடைய குற்றம். அப்படியானால், சங்கு ஊதியும் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் அந்தக் கதையில் யார் பக்கம் நிற்கிறார் என்பதை அவரே யோசிக்கட்டும்.

பிள்ளையின் குரல் செய்திகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தேதியும் நேரமும் குறித்துப் பூகம்பம் சொல்பவன் எவனாக இருந்தாலும், கிரகங்களைக் காட்டினாலும் சரி, கனவைக் காட்டினாலும் சரி, தெரியாததைச் சொல்கிறான். ஜப்பானில் ஒரு சித்திரக்கதையில் வந்ததாகச் சொல்லி, 2025 ஜூலை 5 அன்று பேரழிவு என்று பரப்பினார்கள். பயணிகள் குறைந்து விமானங்களைக் கூடக் குறைத்தார்கள். அந்த நாள் வந்தது, போனது. அதே மாதம் 30-ஆம் தேதி, யாரும் தேதி குறிக்காமல், ரஷ்யாவின் கம்சாட்காவில் 8.8 அளவில் பூமி ஆடியது. ஆடிய பின் எச்சரிக்கை மையங்கள் முறைப்படி அறிவித்தன, கரையோர மக்கள் விலகினார்கள். நம் கரையிலும் 2004 டிசம்பர் 30 அன்று மறுபடி அலை வருகிறது என்ற பொய்யான எச்சரிக்கை பரவியது. மையித்துகளை அடக்கிக்கொண்டிருந்த ஜனங்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடியதை நான் கண்ணால் கண்டேன். அச்சம் தரும் செய்தி வந்தால் அதைப் பரப்பாமல் பொறுப்புள்ளவர்களிடம் கொண்டுபோக வேண்டும் என்று ஸூரத்துன் நிஸாவின் 83-ஆம் வசனம் போதிக்கிறது. கேட்டதையெல்லாம் சொல்வதே ஒருவன் பொய்யன் என்பதற்குப் போதும் என்று ஹதீஸும் வந்திருக்கிறது. மகனே, கையிலுள்ள கருவியில் 'அனுப்பு' என்பதை அழுத்துவதும் நாவால் பேசுவதுதான்.

இப்போது அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன்.

"அன்றைக்கு என் தம்பியைக் கடல் கொண்டுபோனது. அவனுக்கு ஒன்பது வயது. சுனாமி, பாவிகளுக்கு வந்த தண்டனை என்று பயானில் கேட்டிருக்கிறேன். அவன் என்ன பாவம் செய்தான்?"

சகோதரியே, இதற்குப் பதில் சொல்லுமுன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2004-இல் எனக்குப் பதினாறு வயது. எங்கள் உஸ்தாதுமார் பெரிய மாணவர்களை நாகூருக்கு அழைத்துப் போனார்கள். தர்கா நிலத்தில் குழி தோண்டினோம். யார் முஸ்லிம், யார் இந்து, யார் கிறிஸ்தவர் என்று பிரித்தறிய முடியாத நிலையில் அடக்கினோம். குளிப்பாட்ட இயலாத மையித்துக்குத் தயம்மும், ஒரே குழியில் பலரை வைக்கும் போது உஹதின் முன்மாதிரி, கலந்து கிடப்போரில் முஸ்லிம்கள் மீது என்று நிய்யத் வைத்து ஜனாஸாத் தொழுகை என்று கிதாபில் படித்த மஸ்அலாக்களை அன்று கையால் செய்தோம். இத்தனையும் கண்ட நான் என்ன செய்தேன்? சில வாரங்கள் கழித்து, மத்ரஸாவில் வியாழன் இரவுப் பேச்சுப் பயிற்சியில் ஏறி நின்று, ஸூரத்துஜ் ஜில்ஜாலை ஓதி, "கடற்கரையில் பாவம் பெருகியது, கடல் பொங்கியது" என்று வீராவேசமாகப் பேசினேன். பாராட்டுக் கிடைக்கும் என்று நினைத்தேன். நடுவரிசையில் ஒரு மாணவன் எழுந்து, சத்தமில்லாமல் வெளியே போனான். அவனுடைய வாப்பாவும் தங்கையும் அந்த அலையில் போனவர்கள். எனக்கு அது தெரியாமல் இல்லை. பேசும் வேகத்தில் நினைவில் நிற்கவில்லை. அடுத்த நாள் ஹஜ்ரத் என்னைத் தனியே கூப்பிட்டார்கள். திட்டவில்லை. புகாரியை எடுத்துக் கையில் கொடுத்து, கிரகணப் பாடத்தைத் திறந்து வாசிக்கச் சொன்னார்கள்.

நாயகம் (ஸல்) அவர்களின் அருமைக் குழந்தை இப்ராஹீம் வஃபாத்தான அன்று சூரிய கிரகணம் பிடித்தது. நபியின் மகன் மறைந்ததற்காகத்தான் சூரியன் மறைந்தது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தந்தைக்கு அது ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். ஆனால் அவர்கள் அந்தப் பேச்சை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள். எவருடைய மரணத்துக்காகவும் வாழ்வுக்காகவும் அவை மறைவதில்லை என்று அறிவித்து, தொழுகையின் பக்கம் மக்களைத் திருப்பினார்கள். வாசித்து முடித்ததும் ஹஜ்ரத் கேட்டார்கள்: "வானத்தில் நடந்ததை ஒரு மையித்தோடு முடிச்சுப் போட நபி சம்மதிக்கவில்லை. பூமியில் நடந்ததை ஆறாயிரம் மையித்தோடு முடிச்சுப் போட உனக்கு யார் இஜாஸத் கொடுத்தது?"

இருபது ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் நான் அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கவில்லை.

பூகம்பம் அல்லாஹ்வின் அத்தாட்சிதான். அதைக் கண்டு உயிரோடிருப்பவன் தன்னைத் தானே விசாரித்து, தவ்பாச் செய்து, தனியாக இரண்டு ரக்அத் தொழுவது நல்லது என்று இரு மத்ஹபுகளின் இமாம்களும் எழுதியிருக்கிறார்கள். அந்த விசாரணை அவரவர் நெஞ்சுக்குள் நடக்க வேண்டியது. இறந்தவர் மீது தீர்ப்புச் சொல்லும் மிம்பர் அல்ல அது. வஹ்யு வந்துகொண்டிருந்த காலத்தில் ஆதுக்கும் ஸமூதுக்கும் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று அல்லாஹ்வே சொன்னான். அதனால் நமக்குத் தெரிந்தது. அக்கரைப்பேட்டைக்கு ஏன் வந்தது என்று யாருக்கு வஹ்யு வந்தது? பண்டா அச்சே நகரில் பைத்துர் ரஹ்மான் பள்ளிவாசல் நின்றதைச் சொல்லிச் சிலர் பெருமைப்படுகிறார்கள். நின்றது உண்மை, அல்லாஹ்வுக்கே புகழ். ஆனால் அந்த நகரில் மடிந்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பள்ளியில் தொழுதவர்கள் அல்லவா? நின்ற சுவரைக் காட்டி, விழுந்த மனிதரைத் தாழ்த்திவிடக் கூடாது. நீரில் மூழ்கி இறந்த முஃமினையும், இடிபாட்டில் சிக்கி இறந்தவரையும் ஷஹீதுகளின் வரிசையில் நாயகம் (ஸல்) அவர்கள் வைத்திருக்கிறார்கள். பருவமடையாமல் இறந்த பிள்ளைகள் பெற்றோருக்கு நரகத்தை விட்டுத் திரையாவார்கள் என்றும் வந்திருக்கிறது. ஒன்பது வயதுத் தம்பியின் ஏட்டில் எழுத எதுவுமே தொடங்கவில்லை. உங்கள் உம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். அவர்களும் அந்த பயானைக் கேட்டிருப்பார்கள். உங்களிடம் சொல்லாமல் இருந்திருப்பார்கள்.

மார்க்கச் சட்டமாக இரண்டு விஷயங்கள் பாக்கி. தொழுதுகொண்டிருக்கும்போது சங்கு ஊதினால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் தொழுகையை முறித்துவிட்டு ஓட வேண்டும். தன் உயிருக்காக மட்டுமல்ல, எழுந்து நடக்க முடியாத இன்னொருவரைத் தூக்கவும். பிறகு நிறைவேற்றிக்கொள்ளலாம். நேரம் முடிந்துவிடும் என்ற நிலையிலே ஓட நேர்ந்தால், வெள்ளத்துக்கும் நெருப்புக்கும் தப்பி ஓடுபவர் ஓடியபடியே, முடிந்த திசையில், ருகூவுக்கும் ஸுஜூதுக்கும் சைகை செய்து தொழலாம் என்று நம் ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் தெளிவாகச் சொல்கின்றன. அந்த இமாம்கள் எழுதும்போதே, முஸ்லிம் வெள்ளத்தைக் கண்டால் ஓடுவான் என்பதை ஒரு கேள்வியாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை பாருங்கள். ஓடும்போது எப்படித் தொழுவது என்பதைத்தான் எழுதினார்கள்.

அடுத்தது, ஜமாஅத்தாருக்கு. கரையோர ஊர்களில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியை எச்சரிக்கைக்குக் கொடுக்க மறுக்காதீர்கள். பாங்குக்குரிய சாதனத்தில் வேறு பேச்சா என்று தயங்க வேண்டாம். மரண அறிவிப்பு செய்கிறோம், காணாமற்போன பிள்ளையைத் தேடச் சொல்கிறோம். உயிரோடிருப்பவர் உயிரோடிருக்கச் சொல்வதில் என்ன தடை? மின்சாரம் போனாலும் ஓடும்படி மின்கலத்தோடு இணைத்து, யார் பேசுவது, சாவி யாரிடம் என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். அலை எந்தத் தெருவுக்கும் மதம் பார்த்து வராது. ஆகவே அறிவிப்பும் எல்லாத் தெருவுக்கும் கேட்க வேண்டும்.

சகோதரி, மாமனாரிடம் இதை நீங்கள் நேரில் விளக்க வேண்டாம். அஸருக்குப் பின் அவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது, பேரனை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். உமர் (ரலி) அவர்கள் ஸர்கிலிருந்து திரும்பிய இடம் வரும்போது அவன் சற்று நிறுத்தட்டும். அடுத்த ஒத்திகைக்குப் பாட்டனாரைக் கையைப் பிடித்து மேட்டுக்கு அழைத்துப் போகும் பொறுப்பையும் அவனிடமே கொடுத்துவிடுங்கள்.